வெளியூர்த் தூண்டில்காரருக்கு எவ்வளவு இடம்? உரிமக் கட்டுப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவதற்கும் உரிமம் வாங்க வேண்டிய நாடுகளில், முக்கியமாக அமெரிக்கா, கனடா, நியூசிலாந்தில், ஒரு சண்டை ஓய்வதே இல்லை. ஆற்றோரம் குடியிருப்பவருக்கு ஒரு விதி, தொலைவிலிருந்து வருபவருக்கு வேறொரு விதி என்று வைக்கலாமா? உள்ளூர்க்காரனாகவும் வெளியூர்க்காரனாகவும் தண்ணீரில் நின்றிருக்கிறேன். இரண்டு வேளையிலும் எதிர்த்தரப்பைத் திட்டியிருக்கிறேன். ஆகவே கீழே வரும் பதில்களில் நடுநிலையை முழுதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வெளியூர்த் தூண்டில்காரர் என்று யாரைச் சொல்கிறார்கள்?

பிறந்த ஊரோ சொந்தமாக இருக்கும் நிலமோ கணக்கில்லை. எங்கே, எத்தனை நாள் குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். மொன்டானாவில் தொடர்ந்து 180 நாள் குடியிருக்க வேண்டும். அலாஸ்காவில் முழுதாகப் பன்னிரண்டு மாதம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மூன்று படிகள் வைத்திருக்கிறது: மாகாணவாசி, பிற மாகாணத்துக் கனடியர், வெளிநாட்டவர்.

ஏரிக்கரையில் விடுமுறை வீடு வாங்கி வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் கொதிக்கிறார்கள். "சொத்து வரி கட்டுகிறேன், நான் எப்படி வெளியூர்?" என்று கேட்கிறார்கள். சொத்து வரி வீட்டுக்கு, குடியிருப்பு ஆளுக்கு. பெரும்பாலான இடங்களில் இந்த வாதம் எடுபடுவதில்லை.

கட்டுப்பாடு என்றால் கூடுதல் கட்டணம்தானே?

கட்டணம் அதில் ஒன்று, அவ்வளவுதான். இந்த விவாதம் குழம்பிப்போவதற்கு முதல் காரணமே ஐந்தாறு வேறு வேறு கட்டுப்பாடுகளை ஒரே பெயரில் அழைப்பதுதான்.

சில இடங்களில் நாள்களுக்கு வரம்பு உண்டு. நியூசிலாந்தில் 2023 பருவம் முதல், நெரிசல் மிகுந்த சில ஆறுகளைத் தனியாகக் குறித்து, வெளிநாட்டவர் ஒரு வட்டாரத்தில் ஒரு பருவத்துக்கு 5 நாள்தான் அவற்றில் தூண்டில் போடலாம் என்று வைத்தார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். அவர்கள் இரண்டு நாள் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் கிழமைக்கு வரம்பு. மொன்டானாவின் பிக் ஹோல், பீவர்ஹெட் ஆறுகளில் கோடைக்காலத்தில் குறிப்பிட்ட நாள்களில் குறிப்பிட்ட பகுதிகளை உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்; அந்த நாள்களில் வெளிமாநிலத்தவர் அங்கே படகில் மிதந்தபடி மீன்பிடிக்க முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்கீனா வட்டாரத்தில், ஸ்டீல்ஹெட் என்ற மீனின் பருவத்தில் வார இறுதிகளில் வெளிநாட்டவருக்கு இடம் தராத ஆறுகள் உண்டு.

வழிகாட்டியைக் கட்டாயமாக்குவது இன்னொன்று. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. நார்வே கடலோரத்தில் கதை வேறு. அங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் தூண்டில் போடுங்கள், கையால் பிடிக்கும் தூண்டில் மட்டும் என்கிறார்கள். வலை, கூடு எல்லாம் உள்ளூர்வாசிக்கு. நாட்டைவிட்டு எடுத்துப்போகும் மீனுக்கும் எடை வரம்பு உண்டு. 2021-இல் அதை 18 கிலோவாகக் குறைத்தார்கள்.

இப்படிப் பாகுபாடு காட்டுவது சட்டப்படி செல்லுமா?

அமெரிக்காவைப் பொறுத்தவரை, பொழுதுபோக்கு மீன்பிடிப்பில் செல்லும். பிழைப்புக்கான மீன்பிடிப்பில் அவ்வளவு எளிதாகச் செல்லாது. இந்தக் கோடு ஒரே நாளில் விழவில்லை.

1877-இல் மெக்ரெடி என்பவர் வர்ஜீனியா மீது தொடுத்த வழக்கில், அந்த மாநிலம் தன் கழிமுகத்தில் வெளியார் சிப்பி வளர்ப்பதைத் தடுத்தது சரி என்றது உச்ச நீதிமன்றம். தண்ணீரும் மீனும் அந்த மாநில மக்களின் பொதுச்சொத்து என்பது அன்றைய எண்ணம். 1948-இல் டூமர் வழக்கு வந்தது. தென் கரோலினா இறால் படகுகளுக்கு உள்ளூர்க்காரரிடம் 25 டாலரும் வெளியாரிடம் 2,500 டாலரும் வாங்கிக்கொண்டிருந்தது. நூறு மடங்கு. பிழைப்பு தேடி வருபவனை விரட்டுவதற்கான கட்டணம் இது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது.

பிறகு 1978-இல் பால்ட்வின் வழக்கு. இது எல்க் மான் வேட்டை பற்றியது. ஆனாலும் உரிமத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். மொன்டானாக்காரர் 9 டாலரில் எல்க் உரிமம் வாங்கிவிடலாம். வெளிமாநிலத்தவர் எல்க் வேட்டையாட வேண்டுமானால் 225 டாலர் கொடுத்து, வேறு விலங்குகளையும் சேர்த்த கூட்டு உரிமமாகத்தான் வாங்க வேண்டும். பொழுதுபோக்கு வேட்டை அரசியலமைப்பு காக்க வேண்டிய அடிப்படைச் சலுகை அல்ல, ஆகவே இந்த வேறுபாடு செல்லும் என்றது தீர்ப்பு. மறு ஆண்டே ஒரு திருப்பம் வந்தது. ஓக்லஹோமாவிலிருந்து சின்னஞ்சிறு தூண்டில்மீன்களை வெளிமாநிலத்துக்கு விற்கக் கொண்டுபோன ஹியூஸ் என்பவரின் வழக்கில், காட்டுயிர் எல்லாம் மாநிலத்தின் சொத்து என்ற பழைய கொள்கையையே நீதிமன்றம் கைவிட்டது. விரலளவு மீன் ஒன்று அவ்வளவு பழைய கோட்பாட்டைச் சாய்த்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு.

2005-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, வேட்டையிலும் மீன்பிடிப்பிலும் உள்ளூர்வாசிக்கும் வெளியாருக்கும் வெவ்வேறு விதி வைக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உறுதி செய்தது. ஆகவே நீதிமன்றத்துக்குப் போவேன் என்று மிரட்டுபவர்கள் வழக்கறிஞருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை யோசிக்கலாம். சண்டை இப்போது முழுக்க முழுக்க அரசியல் சண்டைதான்.

நானும் வரி கட்டுகிறேனே, அது எங்கே போகிறது?

நல்ல கேள்வி. வெளியார் தரப்பில் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இதுதான். 1950-இல் வந்த டிங்கல்–ஜான்சன் சட்டத்தின்படி, அமெரிக்காவில் விற்கும் தூண்டில் கோல், நூல் சுற்றும் சுருளி போன்றவற்றின் மீது கூட்டரசு வரி இருக்கிறது. அந்தப் பணம் மாநிலங்களுக்குத் திரும்பப் போகிறது. எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது: 40 விழுக்காடு மாநிலத்தின் நில, நீர்ப் பரப்பை வைத்து, மீதி 60 விழுக்காடு அந்த மாநிலத்தில் உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையை வைத்து. வெளியூர்க்காரர் வாங்கும் உரிமமும் அந்த எண்ணிக்கையில் சேரும்.

ஒரு வெளியூர்க்காரர் வராமல் போனால் மாநிலத்துக்கு அவருடைய கட்டணமும் போகிறது, கூட்டரசுப் பணத்தில் அவர் தலைக்கு வரும் பங்கும் குறைகிறது. கூட்டங்களில் "வெளியாரை நிறுத்து" என்று முழங்குபவர்களில் பலருக்கு இந்தக் கணக்கு தெரியாது. மீன்வளத் துறை அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். மேடையில் அவர்கள் முகம் கொடுக்காமல் நெளிவது அதனால்தான்.

அப்படியானால் உண்மையில் சண்டை எதைப் பற்றி? மீனா, பணமா?

இடம். ஆற்றில் நிற்பதற்கான இடம்.

ஸ்டீல்ஹெட் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பும் வானவில் டிரவுட் அது. அதைப் பிடிக்கும் முறையைப் பார்த்தால்தான் ஏன் இவ்வளவு கோபம் என்பது புரியும். நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு மடு. முதலாமவர் அதன் மேல்முனையில் தொடையளவு நீரில் இறங்குகிறார். ஆற்றுக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசுகிறார். இறகும் நூலும் கட்டிய செயற்கை ஈ, நீரோட்டத்தில் வில்லாக வளைந்து வந்து அவருக்கு நேர் கீழே நிற்கிறது. கடி இல்லை. கயிற்றை இழுத்துச் சேர்க்கிறார், கீழ்நோக்கி இரண்டு எட்டு வைக்கிறார், மறுபடி வீசுகிறார். அவர் கொஞ்ச தூரம் இறங்கியதும் அடுத்தவர் மேல்முனையில் இறங்கலாம். இப்படி ஒருவர் பின் ஒருவராக மடு முழுவதும் நகரும். யாரும் யாரையும் தள்ளாமல் நாலைந்து பேர் அந்த மடுவில் ஒரு காலைப்பொழுதைக் கழித்துவிடலாம்.

இந்த ஒழுங்கு எந்த விதிப்புத்தகத்திலும் அச்சாகவில்லை. நடுவில் ஒருவர் வந்து நகராமல் நின்றுவிட்டால் போதும், மேலே இருப்பவர் எல்லோரும் முட்டி நிற்பார்கள். ஒரு படகு வந்து, இறங்கிக்கொண்டிருப்பவருக்குக் கீழே நாலு பேரை இறக்கிவிட்டுப் போனால், அவர் ஒரு மணி நேரம் பொறுமையாக இறங்கி வந்தது வீண். விடிவதற்கு முன் எழுந்து வந்து, படகு இறக்கும் சரிவில் வரிசையாக நிற்கும் வெளிமாநில நம்பர் பிளேட்டுகளைப் பார்க்கும் உள்ளூர்க்காரரின் வயிற்றெரிச்சல் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அவர் பிடித்த மீனை எப்படியும் விட்டுவிடப்போகிறார். அவருக்குப் போனது மீன் அல்ல, அந்தக் காலை.

ஆனால் மனு எழுதும்போது இதை எழுத மாட்டார்கள். "மீன்வளம் அழிகிறது" என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால்தான் கேட்பார்கள் என்ற எண்ணம். விவாதம் தடம் புரள்வது அந்த இடத்தில்தான்.

கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையாதா?

கொஞ்சம் குறையலாம், ஆனால் யார் குறைவார்கள் என்று பாருங்கள். விமானம், விடுதி, வழிகாட்டி, வாடகை வண்டி என்று பெருந்தொகை செலவழித்து வருபவருக்கு உரிமக் கட்டணம் இன்னொரு சில்லறைச் செலவு. நின்றுபோவது, பக்கத்து மாநிலத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை காலையில் வந்து மாலையில் திரும்பும் குடும்பம். பிரிட்டிஷ் கொலம்பியா இதைப் புரிந்துகொண்டு, சிறப்பு ஆறுகள் என்று தனியாகப் பட்டியலிட்டவற்றில் வெளியாரிடம் நாளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. உள்ளூர்வாசிக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை. நாள் கணக்கில் வாங்கும்போது, ஒரே ஆற்றில் மூன்று வாரம் கூடாரம் போட்டுக்கொண்டு நகராதவர் கொஞ்சம் யோசிப்பார். வெறும் ஆண்டுக் கட்டணத்தை இரட்டிப்பாக்கினால் அவர் போட்ட பணத்தை எடுக்க இன்னும் ஒரு வாரம் கூடத் தங்குவார்.

மீன் உண்மையிலேயே குறைந்துகொண்டிருந்தால்?

அப்போது எல்லோரையும்தான் நிறுத்த வேண்டும். வாயில் மாட்டிய முள்ளை வைத்து, பிடித்தவர் எந்த மாவட்டம் என்று மீன் கண்டுபிடிப்பதில்லை.

மொன்டானாவில் வெயில் காலத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. ஆற்று நீரின் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 73 ஃபாரன்ஹீட்டை, ஏறத்தாழ 23 செல்சியஸை, தொட்டால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை வரும். வெந்நீரில் உயிர்வளி குறைவு; அந்த நேரத்தில் டிரவுட்டைப் பிடித்து இழுத்து விட்டால் அது நீந்திப்போவது போலத் தோன்றும், பிறகு செத்து மிதக்கும். இந்தத் தடையில் உள்ளூர், வெளியூர் என்று ஒரு சொல் கிடையாது. மீனைக் காப்பாற்றுவதற்கென்றே எழுதிய விதி இப்படித்தான் இருக்கும். "மீனைக் காக்க" என்ற பெயரில் வெளியாரை மட்டும் நிறுத்தும் விதியைக் கண்டால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அலாஸ்காவில் வளைய வலையால் சால்மன் மீன் பிடிப்பது உள்ளூர்வாசிக்கு மட்டும் என்கிறார்களே, அதுவும் தவறா?

இல்லை. மேலே நான் சொன்னதற்கு இது விலக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜூலையில் கீனாய் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போனால், நீளமான கைப்பிடி வைத்த பெரிய வளைய வலைகளைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு குளிர்நீரில் தோளோடு தோள் உரசி மக்கள் நிற்பார்கள். குடும்பத் தலைவருக்கு 25 சால்மன், கூடுதலாக ஒவ்வொருவருக்கும் 10. இதில் வெளியாருக்கு இடமே இல்லை. அது விளையாட்டு இல்லை. குளிர்காலத்துக்கு உறைபெட்டி நிரப்பும் வேலை. உணவுக்குப் பிடிப்பதையும் மகிழ்ச்சிக்குப் பிடிப்பதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மகிழ்ச்சிக்கு வருபவர் தூண்டில் கோலோடு அதே ஆற்றில் சற்று மேலே போய் நிற்கலாம்.

வழிகாட்டியை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது கொள்ளையல்லவா?

கொள்ளை என்று சொல்ல மாட்டேன். வேலைவாய்ப்புத் திட்டம் என்று சொல்வேன். நியூ பிரன்ஸ்விக்கில் அட்லாண்டிக் சால்மனுக்குத் தூண்டில் போடும் வெளியார், உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து–லாப்ரடோரில் பட்டியலிட்ட சால்மன் ஆறுகளுக்கு வழிகாட்டியோ உள்ளூர்வாசியான நெருங்கிய உறவினரோ கூட வர வேண்டும். மற்ற உள்நாட்டு நீர்நிலைகளில் நெடுஞ்சாலையிலிருந்து 800 மீட்டருக்குள் தனியாகப் போகலாம். அத்தை மகன் அங்கே இருந்தால் "நெருங்கிய உறவினர்" என்பதற்கு என்ன இலக்கணம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முறைவைத்து உறவு சொல்வதில் நாம் கொஞ்சம் தாராளமானவர்கள்.

நல்ல வழிகாட்டி ஆற்று ஒழுங்கைக் கற்றுக்கொடுப்பார், தவறான மீனைத் தொடவிட மாட்டார். மோசமான வழிகாட்டி, விடிவதற்குள் மூன்று மடுக்களில் மூன்று படகை நிறுத்தி இடம் பிடித்துவிடுவார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிறப்பு ஆறுகளில் வழிகாட்டிகளுக்கு "தூண்டில் நாள்" ஒதுக்கீடு, அதாவது ஆள் கணக்கில் இத்தனை நாள்தான் கூட்டிப்போகலாம் என்ற வரம்பு, இருப்பது இதற்காகத்தான். உள்ளூர்க்காரர்களின் சினத்தில் பாதி வெளியூர்க்காரர் மீது அல்ல, அவரைக் கூட்டி வரும் உள்ளூர் வழிகாட்டி மீதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுக்கூட்டத்தில் அதை வெளிப்படையாகப் பேச யாருக்கும் மனம் வராது. நாளைக்கு அதே கடையில் முகம் பார்க்க வேண்டுமே.

இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே ஒரே ஏரி இருந்தால்?

பேசித் தீர்த்துக்கொண்ட இடங்கள் உண்டு. மினசோட்டாவும் விஸ்கான்சினும் தங்களுக்கு எல்லையாக ஓடும் மிசிசிப்பி பகுதியில் ஒருவர் உரிமத்தை மற்றவர் ஏற்கின்றன. நியூயார்க்கும் வெர்மான்டும் ஷாம்பிளேன் ஏரியில் அப்படியொரு ஏற்பாடு வைத்திருக்கின்றன.

பேசித் தீராமல் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லேக் ஆஃப் தி உட்ஸ் எடுத்துக்காட்டு. மினசோட்டாவும் ஒன்டாரியோவும் மனிடோபாவும் பங்கிடும் ஏரி. 1990-களில் ஒன்டாரியோ ஒரு விதி போட்டது: அமெரிக்கர் எங்கள் பக்கத்து நீரில் தூண்டில் போடலாம், ஆனால் எங்கள் பக்கத்தில் இரவு தங்காவிட்டால் பிடித்த வால்ஐ (walleye) என்ற மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. மீனைக் காக்கும் விதி என்றார்கள். விடுதியில் அறை நிரப்பும் விதி என்று எதிர்ப்பக்கம் சொன்னார்கள். இதில் நான் எதிர்ப்பக்கம். எங்கே தூங்கினீர்கள் என்பதற்கும் ஏரியில் எத்தனை மீன் மிஞ்சும் என்பதற்கும் தொடர்பில்லை.

அதிகம் அடிபட்டது நார்த்வெஸ்ட் ஆங்கிள். அது அமெரிக்காவைச் சேர்ந்த நிலத்துண்டு, ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் கனடாவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். அங்கிருந்த விடுதிக்காரர்களின் தொழில் படுத்தது. "நாங்கள் மனிடோபாவோடு சேர்ந்துவிடுகிறோம்" என்று சிலர் கிளம்பினார்கள். அத்தொகுதி உறுப்பினர் காலின் பீட்டர்சன் 1998-இல், அவர்கள் பிரிந்துபோவது பற்றி வாக்களிக்க வழிசெய்யும் தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். கவனத்தை ஈர்க்கத்தான். ஆனால் அந்த நிலத்தில் பெரும்பகுதி ரெட் லேக் பழங்குடியினருடையது. தங்களைக் கேட்காமல் நாட்டை மாற்றப் பார்க்கிறார்களே என்று அவர்கள் கொதித்தார்கள். 1999-இல், ஒன்டாரியோவின் விதி வணிகத்துக்குத் தடையா என்று அமெரிக்க அரசு விசாரணை தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒன்டாரியோ விதியை விலக்கிக்கொண்டது.

பழங்குடியினரின் மீன்பிடி உரிமையும் இந்த "உள்ளூர்ச் சலுகை"யில் சேருமா?

சேராது. அது அரசு கொடுத்த சலுகை இல்லை; ஒப்பந்தம் போட்டு நிலத்தை விட்டுக்கொடுத்தபோது அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்ட உரிமை. வாஷிங்டன் மாநிலத்தில் 1974-இல் வந்த போல்ட் தீர்ப்பு, பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடியினருக்கு என்றது இந்த அடிப்படையில்தான். இரண்டையும் குழப்பிப் பேசுபவரிடம் மேற்கொண்டு விவாதிக்காமல் இருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்து உள்ளூர் உரிமம் வாங்கிவிடலாமா?

வேண்டாம். உரிமத்தைச் சோதிக்கும் காவலர் ஓட்டுநர் உரிமத்தையும் கேட்பார். இரண்டிலும் வேறு வேறு முகவரி இருந்தால் மடியில் கனம்தான். பொய் உரிமத்தில் பிடித்த மீனை மாநில எல்லை தாண்டி எடுத்துப்போனால் 1900-இல் வந்த லேசி சட்டத்தின் கீழ் கூட்டரசுக் குற்றமாகவும் ஆகிவிடும். பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன; ஒன்றில் உரிமம் பறிபோனால் மற்றவற்றிலும் போகும்.

அடுத்த மாதம் முதன்முறையாக வெளியூர் ஆற்றுக்குப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

அடிப்படை உரிமம் வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தக் குறிப்பிட்ட ஆற்றுக்குத் தனி உரிமம், நாள் ஒதுக்கீடு, கிழமைத் தடை ஏதாவது இருக்கிறதா என்று அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் ஆற்றின் பெயரைத் தேடிப் பாருங்கள். சென்ற ஆண்டுப் புத்தகம் உதவாது. கிளம்புகிற காலையில் அவசர அறிவிப்புகளையும் பாருங்கள். வெப்பத் தடை முந்தின நாள்கூட வந்திருக்கும்.

ஆற்றுக்குப் போனதும் உடனே தண்ணீரில் இறங்க வேண்டாம். கரையில் நின்று, மடுவில் யார் எந்தத் திசையில் நகர்கிறார்கள் என்று பாருங்கள். மேல்முனையில் நிற்பவரிடம் "உங்களுக்குப் பின்னால் வரலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் தலையசைப்பார், சில வேளை அவர் கட்டியிருக்கும் ஈ என்ன நிறம் என்றுகூடக் காட்டுவார். அவர் இருபது எட்டு இறங்கிய பிறகு நீங்கள் இறங்குங்கள்.